நெடுநாள் கார் பராமரிப்பு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றும் பட்டறைகள்: வெளிநாடு செல்வோர் கவனத்திற்கு

வெளிநாட்டுப் பணிக்காகவோ, ஊரில் பெற்றோரைக் கவனிப்பதற்காகவோ பல மாதங்கள் சிங்கப்பூரை விட்டுச் செல்வோரின் கார்களை மாதக் கட்டணத்திற்குப் பார்த்துக்கொள்வதாகச் சில பட்டறைகள் விளம்பரம் செய்கின்றன. அம்மாவின் சிகிச்சைக்காகத் திருச்சியில் நெடுநாள் தங்க வேண்டியிருந்ததால், அப்படியொரு பட்டறையில் என் காரை ஒப்படைத்தேன். அங்கு நடந்தது வேறு எவருக்கும் நேரக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எஞ்சின் எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றுவது, பெட்ரோல் தொட்டியை நிரப்பி எரிபொருள் கெடாமலிருக்க உரிய திரவம் சேர்ப்பது, பேட்டரியைத் தானியங்கி சார்ஜரில் இணைத்து வைப்பது, டயர்களில் காற்றைக் கூட்டி அவ்வப்போது காரைச் சற்று நகர்த்துவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை இயக்கி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவது ஆகிய அனைத்தும் ரசீதிலேயே எழுதப்பட்டிருந்தன. பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது இருக்கைகளிலும் இருக்கை வார்களிலும் பூஞ்சை படர்ந்திருந்தது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில், உட்புறத்தைச் சுத்தம் செய்து உலர்த்தாமல், ஈரம் உறிஞ்சும் பொருள் எதையும் வைக்காமல் மூடி நிறுத்திய கார் இப்படித்தான் ஆகும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டபடியே விட்டிருந்ததால் பின்சக்கரங்களின் பிரேக் பட்டைகள் துருவேறிய தட்டுகளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சமதளத்தில் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து நிறுத்துவது இத்தொழிலின் அரிச்சுவடி. முழுமையாக மின்னேற்றிய பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டவேண்டும்; என்னுடையது 9 வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. அந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் செய்தும் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகிவிட்டதால், காரை ஓட்டியபோது ஸ்டீயரிங் வரை அதிர்வு வந்தது.

இவையெல்லாம் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் வடிகட்டியில் நடந்தது மோசடி. நான் வழக்கமாகச் செல்லும் மெக்கானிக் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வடிகட்டியின் மேல் தேதியை எழுதிவைப்பார். புதிதாக மாற்றியதாக ரசீது கொடுத்திருந்த இடத்தில், அவர் கையெழுத்துடன் பழைய வடிகட்டியே இருந்தது. பயன்படுத்திய எண்ணெயில் ஈரமும் அமிலமும் கலந்திருக்கும் என்பதாலேயே காரை நிறுத்திவைப்பதற்கு முன் அதை மாற்றச் சொல்கிறார்கள். அந்த எண்ணெயிலேயே என் எஞ்சின் மாதக்கணக்கில் ஊறிக்கிடந்தது.

எனக்கு வந்த படங்களை இப்போது மீண்டும் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எல்லாப் படங்களிலும் வெப்பமானியின் முள் அடிமட்டத்திலேயே இருக்கிறது, அதாவது எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்திருக்கிறார்கள். இப்படிச் சில நிமிடம் மட்டும் இயக்குவதைப் பராமரிப்பு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எஞ்சினைக் கிளப்பச் செலவான மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வருவதில்லை; எரிதலில் உண்டாகும் நீர் ஆவியாகி வெளியேறாமல் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடுகிறது. இதைவிடத் தொடாமல் விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும். எனவே விளம்பரத்தில் "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எஞ்சினை இயக்குவோம்" என்பதுபோன்ற வாசகத்தைப் பார்த்தால், எவ்வளவு நேரம் இயக்குவார்கள், சாலையில் ஓட்டுவார்களா, அதற்குக் காப்புறுதி பொருந்துமா என்று கேளுங்கள். கழற்றிய பழைய வடிகட்டியை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். பேட்டரியில் சார்ஜர் இணைக்கப்பட்டிருப்பதையும் மைலேஜ் எண்ணையும் நீங்களே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை உரிமையாளர் எண்ணெய்க்கான தொகையை மட்டும் திருப்பித் தர முன்வந்தார்; பிரேக், டயர், பேட்டரி மூன்றும் "பழைய கார் என்றால் அப்படித்தான்" என்று கைவிரித்துவிட்டார். அத்தொகையை ஏற்க மறுத்து, வேறொரு பட்டறையில் எழுத்துபூர்வமான பரிசோதனை அறிக்கை வாங்கி, பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் அளித்திருக்கிறேன். அங்கு தீராவிட்டால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குச் செல்வேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, ஆனால் 2 ஆண்டுகளுக்குள் பதிவுசெய்ய வேண்டும். இதே போன்ற ரசீதும் படங்களும் உங்களிடம் இருந்தால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.