எபேனில் பகிர்வு அலுவலகம்: எட்டு மாதம் இருந்து பார்த்ததில்

மொரீஷியஸின் ரோஸ்ஹில் நகரில் வீட்டு முன்னறையையே அலுவலகமாக வைத்து மூன்று ஆண்டுகள் கணக்கு எழுதிவந்த நானும் என் கூட்டாளியும், கடந்த ஜூன் மாதம் எபேனில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் ஆறாம் மாடிக்குக் குடிபெயர்ந்தோம். அந்தத் தளம் முழுவதையும் ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, மேசையாகவும் அறையாகவும் பிரித்து மாத வாடகைக்கு விடுகிறது. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

எபேன் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கருங்காலி மரம் என்று பொருள். (தமிழில் கருங்காலிக்கு உள்ள மற்றொரு பொருளை வாடிக்கையாளர்களிடம் நான் சொல்வதில்லை.) 2000களின் தொடக்கத்தில், கரும்பு விளைந்த நிலத்தில் இந்திய அரசின் கடனுதவியோடு இங்கே சைபர் சிட்டி என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகம் எழுந்தது. தளம் தளமாக இடம் எடுக்க வசதியுள்ள நிறுவனங்களுக்கே அதன் கட்டடங்கள் பொருந்தும். இரண்டே பேர் கொண்ட எங்களுக்கு அங்கே இடம் கிடைத்ததற்குப் பகிர்வு ஏற்பாடுதான் காரணம். பெரிய முன்பணம் இல்லை; மேசை நாற்காலி வாங்க வேண்டியதில்லை; இணையம், துப்புரவு, மின்கட்டணம் எல்லாம் ஒரே ரசீதில் அடங்கிவிடுகின்றன; ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டு வெளியேறலாம். சொல்லப்படும் கட்டணத்தின் மேல் 15 சதவீத வாட் வரி சேரும் என்பதை மட்டும் முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். ரோஸ்ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய் செல்லும் மெட்ரோ கிளை 2023இல் திறந்துவிட்டதால், கார் நிறுத்த இடம் தேடி அலையும் தொல்லையும் எங்களுக்கு இல்லை.

சென்னையோடும் பாரிஸோடும் வேலை செய்வதால் எங்கள் வேலை நேரம் சற்று விசித்திரமானது. சென்னை எங்களைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி விழிக்கிறது. பாரிஸ் கோடையில் இரண்டு மணி, குளிர்காலத்தில் மூன்று மணி பிந்தி விழிக்கிறது. எனவே காலை ஏழரைக்கே வருபவர் ஒருவர், இரவு எட்டு வரை இருப்பவர் மற்றொருவர். எந்நேரமும் கதவைத் திறக்கும் அட்டை தருகிறார்கள் என்பதே நாங்கள் சேர்ந்ததற்கு முதற்காரணம். ஆனால் கட்டடத்தின் குளிர்சாதனம் மாலை ஆறு மணிக்கு நின்றுவிடும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் அறிந்தோம். திறக்க முடியாத கண்ணாடிச் சுவர்களுக்குள் இங்கே கோடைகாலமான ஜனவரி மாதத்து மாலை ஏழு மணி எப்படியிருக்கும் என்பதைச் சட்டையை நனைத்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம்.

சமையலறையைப் பற்றி நல்லதே சொல்வேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில், கேட்காமலேயே இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகளில் ஒன்றைச் சைவத்துக்கென ஒதுக்கி, அதன்மேல் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் எழுதிய தாளை ஒட்டிவைத்தார் அந்தத் தளத்தைத் துப்புரவு செய்யும் அம்மாள். அவருக்கு வணக்கம், முருகா ஆகிய இரண்டைத் தவிரத் தமிழ்ச் சொல் அதிகம் தெரியாது. ஆனாலும் ஆண்டுதோறும் காவடி எடுப்பவர்.

பெரிய குறை அச்சுப்பொறி. தளத்துக்கு ஒன்றுதான், யார் எதை அனுப்பினாலும் உடனே அச்சிட்டு வெளியே தள்ளிவிடும். அக்டோபர் மாத இறுதியில் ஒரு வாடிக்கையாளரின் வரிப்படிவத்தை எடுக்கப் போனபோது, தட்டில் அதன்மேல் மற்றொரு நிறுவனத்தின் சம்பளச் சீட்டு கிடந்தது. பெயரைப் பார்த்தால், தினமும் காலையில் எனக்கு வணக்கம் சொல்லும் எதிர்மேசை இளைஞர். தொகையைப் பார்க்காமலிருக்க முயன்று தோற்றேன். அன்றே எங்கள் தாள்களும் இப்படி எத்தனை பேர் கண்ணில் பட்டிருக்கும் என்ற அச்சம் பிடித்துக்கொண்டது. மொரீஷியஸின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிறருடைய தகவலைக் காக்கும் பொறுப்பு அதைக் கையாளும் எங்களைத்தான் சாரும்; அச்சுப்பொறி பொதுவானது என்று சொல்லித் தப்ப முடியாது. புகார் கொடுத்து ஐந்து வாரம் கழித்து, இரகசிய எண்ணை அழுத்தினால் மட்டுமே தாள் வெளிவரும்படி அமைத்தார்கள். அதுவரை நாங்கள் சம்பளக் கணக்கை ரோஸ்ஹில் வீட்டில்தான் அச்சிட்டோம்.

தொலைபேசிக் கூண்டுகள் போதவில்லை. கூட்ட அறையை மூன்று நாள் முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஒப்பந்தத்தில் நான் கவனிக்கத் தவறியது இன்னொன்று: புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலைக்கு உயர்ந்து அலுவலகங்கள் மூடப்படும் நாள்களுக்கு வாடகைக் கழிவு கிடையாது. சேருமுன் அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

மடிக்கணினியை விரித்து வடிவமைப்போ நிரலோ எழுதுபவருக்குப் பொது மேசை தாராளமாகப் போதும். பிறர் பணத்தைக் கையாள்பவருக்குப் போதாது. மார்ச் முதல் தேதியிலிருந்து அதே தளத்தில் இருவர் அமரும் அறைக்கு மாறுகிறோம். சன்னல் இல்லாத அறை, வாடகையும் கூடுதல். சிறிய அச்சுப்பொறி ஒன்றையும் கதவுக்கு நல்ல பூட்டையும் நேற்றே வாங்கியாயிற்று.