முகப்பு பேனலுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கொடுக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் படியுங்கள்

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் வீட்டிலேயே எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியும் தம்பூராவும் செய்து கொடுக்கிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறோம். சர்க்யூட்டை நாமே போட்டுக்கொள்கிறோம். பெட்டியைத் தச்சரிடம் சொல்லிச் செய்துவிடலாம். முகப்பு பேனலில் எழுத்து அடிக்க மட்டும் வெளியே போயாக வேண்டும். அந்த இடத்தில்தான் என்னை ஏமாற்றினார்கள். மாதிரி பேனலை ஒரு இங்க்கில் அடித்துக் காட்டிவிட்டு, மொத்த ஆர்டரையும் வேறு இங்க்கில் அடித்துத் தள்ளிவிட்டார்கள். கேட்டால் பழி என் மேல். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த வேலையை எந்த ஊரில், எந்தக் கடையில் கொடுத்தாலும் இதே வழியில் ஏமாற்ற முடியும். அதனால் நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

பேனலில் எழுத்து என்றால் அலங்காரம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சுருதிப்பெட்டியைப் பொறுத்தவரை அது கருவியின் ஒரு உறுப்பு. என் பெட்டியில் கட்டை, அதாவது பாடுகிறவருக்கு ஏற்ற ஆதார சுருதி, மாற்ற 12 நிலை ரோட்டரி சுவிட்ச் வைத்திருக்கிறேன். ஒரு ஸ்தாயியில் இருக்கும் 12 சுவரத்தானங்களுக்கும் ஆளுக்கொரு நிலை: 1, 1½, 2, 2½, 3, 4, 4½, 5, 5½, 6, 6½, 7. ஒவ்வொரு நிலைக்கும் 30 டிகிரி. ஒரு கட்டை என்பது ஆர்மோனியத்தில் ‘சி’, ஐந்து கட்டை ‘ஜி’. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் நுண்சுருதி திருகி, ஒலி, பஞ்சமமா மத்யமமா என்று மாற்ற ஒரு சின்ன சுவிட்ச். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து (விடாமல் சுருதி மட்டும் பிடிக்கிற துணைக் குழல்) ஊத ஆள் கிடைக்காமல் போய், அந்த இடத்துக்கு இந்தப் பெட்டி வந்து ரொம்ப நாளாகிறது. கல்யாணப் பந்தலில், அரை இருட்டில், நாயனக்காரர் பேனலைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்புகிறார். அவர் கையில் வியர்வை இருக்கும், சந்தனம் இருக்கும், விபூதி இருக்கும். எழுத்து அதையெல்லாம் தாங்க வேண்டும்.

இதை மனதில் வைத்துத்தான் கோயம்புத்தூரிலிருந்து கறுப்பு ஆனோடைஸ் செய்த (மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஏற்றிய) அலுமினிய பேனல்களை, துளையெல்லாம் போட்டே வரவழைத்தேன். மொத்தம் 30. பக்கத்து டவுனில் கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, விசிட்டிங் கார்டு எல்லாம் அடிக்கிற ஒரு பிரஸ். உலோகத்திலும் அடிப்போம் என்று போர்டிலேயே எழுதியிருந்தார்கள். முதலாளியிடம் தெளிவாகச் சொன்னேன்: சாதாரண பிவிசி இங்க் வேண்டாம், ஹார்டனர் கலக்கிற இரட்டைக் கலவை எபாக்ஸி இங்க்தான் வேண்டும், அடித்தபின் ஓவனில் சூடேற்ற வேண்டும்.

“தம்பி, அதெல்லாம் எங்களுக்குச் சொல்லணுமா? பம்பு செட் கம்பெனிக்கே நேம் பிளேட் அடிச்சுக் கொடுத்திருக்கோம்” என்றார்.

என் பேனல் ஒன்றிலேயே மாதிரி அடித்துத் தரக் கேட்டேன். தந்தார். அருமையாக இருந்தது. ‘ட்’ மேல் இருக்கும் புள்ளிகூட தனியாக, உருண்டையாக விழுந்திருந்தது. ஒரு ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மேலே செலோடேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். ஒரு துணுக்குகூட வரவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் மீதி 29 பேனலையும், முழுப் பணத்தையும் கொடுத்தேன். பிலிமுக்கும் ஸ்கிரீனுக்கும் தனிச் சார்ஜ் வாங்கிக்கொண்டார். தை முகூர்த்தத்துக்கு முன்னால் தருவதாகப் பேச்சு.

தை பிறந்தது. பத்திரிகை வேலை தலைக்கு மேல் இருக்கிறது, நாளைக்கு, நாளன்னைக்கு என்று இழுத்து, திருவையாற்றில் ஆராதனையும் முடிந்த பிறகுதான் பேனல் கைக்கு வந்தது. நியூஸ் பேப்பரில் சுற்றிக் கட்டு கட்டாகக் கொடுத்தார்கள். பிரித்த உடனே தெரிந்துவிட்டது, இது அந்த மாதிரி இல்லை என்று.

முதலில் எழுத்து. நான் கொடுத்த பைலில் எழுத்தையெல்லாம் கர்வ்ஸாக, அதாவது பாண்ட் இல்லாமலே தெரிகிற கோட்டு வடிவமாக, மாற்றித்தான் கொடுத்திருந்தேன். நம் பக்கத்து டிடிபி சென்டர்களில் இன்னும் பழைய தமிழ் பாண்ட்தான் ஓடுகிறது, ஒரு கம்ப்யூட்டரில் அடித்தது இன்னொன்றில் குப்பையாகத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தச் சிக்கலே வரக்கூடாது என்றுதான் கர்வ்ஸ். ஆனால் வந்த பேனலில் இருந்தது என் எழுத்தே இல்லை. அவர்களாகவே வேறொரு தடித்த பாண்ட்டில் முழுக்கத் திரும்ப டைப் செய்திருக்கிறார்கள். ஏன் என்பது பிறகு புரிந்தது. பொடி எழுத்துக்கு சென்டிமீட்டருக்கு 120 இழை ஓடுகிற மெல்லிய மெஷ் (இங்க் இறங்குகிற ஸ்கிரீன் வலை) வேண்டும். துணிப்பைக்குப் போடுவது 40, 50 இழை மெஷ். அதன் கண் பெரிசு, இங்க் அள்ளிக் கொட்டும், மெல்லிய கோடு அதில் நிற்காது. புது மெஷ் கட்டச் சோம்பல்பட்டு, கையில் இருந்த துணிப்பை பிரேமிலேயே ஓட்டுவதற்காக எழுத்தைத் தடிமனாக்கியிருக்கிறார்கள். அப்படியும் புள்ளி நிற்கவில்லை. ‘பஞ்சமம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘பஞசமம’ என்று இருந்தது. சில பேனலில் புள்ளி எழுத்தோடு ஒட்டி ஒரு கறையாக விழுந்திருந்தது.

இரண்டாவது கோளாறுதான் என்னைத் தூங்கவிடவில்லை. திரும்ப டைப் செய்தவர், வரிசையில் மூன்றரை விட்டுப்போய்விட்டது என்று நினைத்து, அதையும் தானாகச் சேர்த்திருக்கிறார். 12 எண்ணும் அவற்றுக்கு நடுவே 11 இடைவெளியும் இருக்க வேண்டிய 330 டிகிரியில் 13 எண். 30 டிகிரிக்கு ஒன்று என்று இருந்தது 27.5 டிகிரிக்கு ஒன்றாகிவிட்டது. சுவிட்ச் மாறவில்லையே, அது 30 டிகிரிதான் நகரும். விளைவைப் பாருங்கள்: நாலு கட்டையில் சுவிட்சை வைத்தால் முள் மூன்றரைக்கும் நாலுக்கும் நடுவே, சொல்லப்போனால் மூன்றரைக்குக் கொஞ்சம் நெருக்கமாக நிற்கிறது. ஐந்து கட்டைக்கு வைத்தால் எண்ணிலிருந்து 10 டிகிரி தள்ளி நிற்கிறது. பெண் பாடகர்கள் பெரும்பாலும் நிற்கிற இடமே ஐந்தும் ஐந்தரையும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இதற்கு மேல் அளவும் சுருங்கியிருந்தது. பிலிம் எடுக்காமல் லேசர் பிரிண்டரில் டிரேசிங் தாளில் எடுத்திருக்கிறார்கள், அதுவும் தாளுக்குப் பொருந்துகிற மாதிரி சுருக்கி. அச்சு 97 சதவீதம்தான் வந்திருந்தது. 200 மில்லிமீட்டர் பேனலில் 6 மில்லிமீட்டர் பறிபோனது. நடுத் துளைக்கு எழுத்தைப் பொருத்தினால் ஓரத்து விளக்குக்கான வட்டம் துளைக்கு வெளியே கிடக்கிறது. அந்த டிரேசிங் தாளுக்குத்தான் என்னிடம் பிலிம் சார்ஜ் வாங்கியிருக்கிறார்.

இத்தனையையும்கூட அசிரத்தை என்று விட்டுவிடலாம். இங்க் விஷயம் அப்படியல்ல, அது திட்டமிட்ட ஏமாற்று. மாதிரிக்குச் செய்த அதே செலோடேப் சோதனையைச் செய்தேன். ‘சுருதி’ என்ற சொல் முழுசாக வெங்காயத் தோல் மாதிரி டேப்போடு உரிந்து வந்தது. நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தொட்டேன். தொட்ட நொடியே எழுத்து கரைந்து பஞ்சோடு வந்துவிட்டது. ஹார்டனர் சேர்ந்து நன்றாக இறுகிய எபாக்ஸி அப்படி ஒரே தொடலில் கரையாது. பிவிசி இங்க் உடனே கரையும். நேரில் கேட்கப் போனபோது மேசை மேலேயே பிவிசி இங்க் டப்பாவும் அதற்கான தின்னரும் இருந்தன. ஹார்டனர் டப்பா எங்கே என்று கேட்டேன். காட்ட ஒன்றும் இல்லை.

“நீங்க ஏன் கெமிக்கல் போட்டுத் துடைச்சீங்க? துடைச்சா போகத்தான் செய்யும்.”

“டேப்பிலேயே வருதுங்களே. மாதிரி பேனல்ல வரலையே?”

“அது வெளியில கொடுத்து அடிச்சு வாங்குனது தம்பி. ஒண்ணு ரெண்டுன்னா வெளியில கொடுக்கலாம். முப்பதையும் கொடுத்தா எங்களுக்கு என்ன நிக்கும்?”

அவர் வாயாலேயே வந்துவிட்டது. மாதிரியை மெம்பரேன் கீபேட் (மெஷின்களில் ஒட்டுகிற தட்டையான பிளாஸ்டிக் பட்டன் தாள்) செய்கிற ஒரு பட்டறையில் அடித்து வாங்கிக் காட்டியிருக்கிறார். அதை வைத்து ஆர்டரைப் பிடித்து, வேலையை இங்கே துணிப்பை பிரேமில் ஓட்டியிருக்கிறார்.

இங்க்கைக் கழுவிவிட்டு வேறு இடத்தில் அடித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதைத்தான் நானும் நினைத்தேன். கழுவிப் பார்த்தால் அடியில் முழுக்கக் கீறல். இங்க் பிடிக்க வேண்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஆனோடைஸ் படலம் என்பது சில மைக்ரான் கனம்தான். தேய்த்த இடத்தில் அது போய் வெள்ளை அலுமினியம் பல்லிளிக்கிறது. ஆனோடைஸ் பரப்பை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும், உப்புத்தாள் படவே கூடாது. 29 பேனலும் பழைய இரும்புக் கடைக்குப் போகிற நிலையில் கிடக்கின்றன. தை முகூர்த்தத்துக்குப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்த நாகஸ்வர அண்ணன் ஒருவர், அந்த சீசன் முழுக்கப் பழைய பெட்டியோடு ஓட்டினார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்க வியாபாரத்துக்குச் செய்றீங்க, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது” என்றார். இதைக் கேட்டுப் பயந்துபோய் விட்டுவிட்டவர்கள் இருப்பார்கள். அது சரியல்ல. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குவது விலக்கு என்று இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். நான் பதிந்துவிட்டேன். கையில் இருக்கும் ஆதாரம்: பணம் அனுப்பிய யுபிஐ விவரம், எபாக்ஸி இங்க் என்று நான் கேட்டு அவர் ‘ஓகே’ போட்ட வாட்ஸ்அப், டேப் ஒட்டாமல் பத்திரமாக எடுத்து வைத்த சில பேனல்கள், அந்த மாதிரி பேனல். பில் கேட்டு இன்றுவரை தரவில்லை. காசு கொடுத்த பிலிமையும் ஸ்கிரீனையும்கூடத் தரவில்லை.

இதே வேலையைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு என் அழுத்தமான கோரிக்கை: மாதிரி நன்றாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எங்கே அடித்தது என்று கேளுங்கள். “இங்கேதான்” என்றால், அடிக்கிற அன்று கூடவே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். இரட்டைக் கலவை இங்க்கில் ஹார்டனர் கலந்துவிட்டால் சில மணி நேரத்தில் அது இறுகத் தொடங்கிவிடும், மிச்சத்தை மறுநாள் பயன்படுத்த முடியாது. அதனால்தான் பலருக்கு அதில் கை வைக்கவே மனம் வராது, மிச்சத்தை மூடி வைத்து மறுநாளும் ஓட்டலாம் என்கிற பிவிசிக்குத் தாவிவிடுகிறார்கள். உங்கள் கண்ணெதிரே கலக்கச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் பேனலைக் கொடுக்காதீர்கள். பிலிமில் எடுத்துக் காட்டும் அளவை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். டிரேசிங் தாள் பிரிண்டரின் சூட்டிலேயே கொஞ்சம் சுருங்கும், துளைக்கு எழுத்து பொருந்த வேண்டிய வேலைக்கு அது ஆகாது. முழுப் பணமும் கேட்டால் பாதிக்கு மேல் தராதீர்கள். நான் தந்ததற்குக் காரணம் அவர் காட்டிய மாதிரி, அந்த மாதிரியே பொய்.

பத்து, இருபது பேனல்தான் வேண்டும் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்கையே விட்டுவிட்டு, பிசிபி (சர்க்யூட் போர்டு) செய்கிறவர்களிடமே முகப்பையும் எப்ஆர்4 போர்டாக (சர்க்யூட் போர்டுக்குப் பயன்படும் கண்ணாடி இழைத் தகடு) செய்து வாங்கலாம். கறுப்பு மாஸ்க் (போர்டின் மேல்பூச்சு), வெள்ளை எழுத்து, துளை எல்லாம் ஒரே பைலில் போய்விடும், துளையும் எழுத்தும் தள்ளிப்போகாது. கோடு 0.15 மில்லிமீட்டருக்கு மெலியாமல் பார்த்துக்கொண்டால் தமிழ்ப் புள்ளியும் நிற்கும். அல்லது மெம்பரேன் கீபேட் பட்டறையிலேயே நேரடியாகப் பாலிகார்பனேட் தாளில் பின்பக்கமாக அடித்து ஒட்டிக்கொள்ளலாம். எழுத்து தாளுக்கு அடியில் போய்விடுவதால் கை படவே படாது. நான் இப்போது அங்கேதான் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேனல் வந்தது, எழுத்தும் துளையும் சரியாகப் பொருந்தியிருக்கின்றன. நாகஸ்வர அண்ணனுக்கு அதில் ஒன்றைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஏற்கெனவே எங்காவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள், இன்றைக்கே அந்தக் கடைக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: என்ன இங்க், எத்தனை இழை மெஷ், பிலிமா டிரேசிங்கா, பைலில் எதையும் மாற்றுவதாக இருந்தால் என்னைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பதில் எழுத்தில் வரட்டும். பேனல் வந்ததும் சுவிட்சையும் திருகியையும் பூட்டுவதற்கு முன்னால் டேப் சோதனை செய்யுங்கள். உரிந்தால் கழுவாமல், பூட்டாமல், அப்படியே எடுத்து வையுங்கள்.