சிங்கப்பூர் ஆறா, காலாங் ஆறா: கேமராவோடு நடக்க எது?

சனிக்கிழமை விடிந்ததும் கேமராவை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் நடப்பது எனக்குப் பழக்கம். முதல் ஒன்றரை வருடம் சிங்கப்பூர் ஆற்றங்கரையிலேயே நடந்தேன். அப்புறம் காலாங் ஆற்றுக்கு மாறிவிட்டேன், அதுவும் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குள் ஓடுகிற பகுதிக்கு. இப்போது கேமரா வாங்கும் நண்பர்கள் எல்லாம் எங்கே நடக்கலாம் என்று கேட்கிறார்கள். என் பதில் காலாங்தான். அங்கே தென்படும் நீர்நாய்களுக்காகத்தான் சொல்கிறேன் என்று உடனே நினைத்துக்கொள்கிறார்கள், காரணம் அது இல்லை. நீர்நாய்க் குடும்பங்கள் சிங்கப்பூர் ஆற்றுப் பக்கமும் வந்து போகின்றன.

சீக்கிரம் முடிகிற விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேருவதற்குச் சிங்கப்பூர் ஆறுதான் வசதி. கிளார்க் கீயிலோ ராஃபிள்ஸ் பிளேசிலோ எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, பீஷானில் இறங்கினால் பூங்காவுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பாதை இரண்டு இடத்திலும் நன்றாக இருக்கிறது. பூங்காவில் சைக்கிள் அதிகம், கேமராவில் கண்ணை வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்துவிடாதீர்கள்.

சிங்கப்பூர் ஆற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. கிம் செங் பாலத்திலிருந்து ஆற்றுமுகம் வரை ஏறத்தாழ 3 கிலோமீட்டர், அதற்குள்ளேயே பத்துக்கும் மேற்பட்ட பாலங்கள். 1869-இல் கட்டிய கேவனா பாலத்தில் மாடும் குதிரையும் போகக்கூடாது என்கிற பழைய அறிவிப்புப் பலகை இன்னும் இருக்கிறது. அல்காஃப் பாலத்துக்கு 2004-இல் பசிட்டா அபாட் என்ற பிலிப்பைன்ஸ் ஓவியர் 55 நிறங்களில் வண்ணம் தீட்டினார். போட் கீ கடைவீடுகளின் மேல் காலை வெயில் விழும்போது எதிர்க்கரையில், ராஃபிள்ஸ் சிலைப் பக்கம் நின்று எடுத்தால், ஓட்டுக் கூரைகளும் அவற்றின் பின்னால் எழும் வங்கிக் கோபுரங்களும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். முதல் நாளே கேமரா பிடித்தவருக்கும் அங்கே நல்ல படம் கிடைக்கும்.

ஆனால் எட்டாவது வாரம், பத்தாவது வாரம் என்று போகப் போகத்தான் எனக்குச் சிக்கல் தெரிய ஆரம்பித்தது. கணினியில் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் தேதி மட்டும்தான் மாறியிருந்தது. வானம் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். என் பார்வையில்தான் குறை என்று பல வாரம் நினைத்தேன், நேரத்தை மாற்றினேன், லென்ஸைக்கூட மாற்றினேன். கடைசியில் பிடிபட்டது, மாறாமல் இருப்பது தண்ணீர். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் கடலுக்கும் இந்த ஆற்றுக்கும் நடுவே கதவு விழுந்துவிட்டது. கடல் ஏற்ற இறக்கம் உள்ளே வருவதில்லை, ஆறு நன்னீர்த் தேக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. நகரத்துக்கு அது பெரிய நன்மை, குடிநீரும் கிடைக்கிறது, தாழ்வான இடங்களில் வெள்ளமும் குறைகிறது. படம் எடுப்பவருக்கோ தண்ணீர் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், கரைச்சுவருக்குக் கீழே நிற்கிறது. பெரும்பாலான இடங்களில் நீங்கள் மேலே, ஆறு கீழே. கேமராவைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு இறக்க வழியே இல்லை.

காலாங்கில் நடப்பதே வேறு. பூங்காவை ஒட்டி இருந்தது ஒரு காலத்தில் 2.7 கிலோமீட்டர் நீள நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாய். அதை உடைத்து, கரையில் கல்லும் செடியும் வைத்து, 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக 2012-இல் மாற்றி முடித்தார்கள். உடைத்த கான்கிரீட்டைக் கொண்டே பூங்காவில் ஒரு சிறு குன்றும் எழுப்பியிருக்கிறார்கள், வளைவு முழுவதையும் எடுக்க அதன் உச்சிக்குப் போங்கள். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். இப்போது பெருமழையில் தண்ணீர் புல்வெளி மேல் பரவி, சில இடங்களில் கரைக்குக் கரை கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரியலாம். மழை விட்டதும் அது மறுபடி நடுவில் ஓடும் சின்ன ஓடையாகச் சுருங்கிவிடும்.

நான் அங்கே போவது இந்த விரிவுக்கும் சுருக்கத்துக்கும்தான். ஆற்றைக் கடக்கப் போட்டிருக்கும் கற்களை மட்டுமே இருபதுக்கும் மேற்பட்ட சனிக்கிழமைகளில் எடுத்திருக்கிறேன், இரண்டு படம்கூட ஒன்றுபோல இல்லை. பிப்ரவரியின் காய்ந்த வாரத்தில் கல்லின் அடிப்பாசி வரை தெரிந்தது, தட்டாம்பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. விடிவதற்கு முன் சுமத்ரா சூறைமழை அடித்து ஓய்ந்த ஒரு காலையில் புல் முழுவதும் நீர் போன திசையில் வாரிவிட்டதுபோலப் படுத்துக் கிடந்தது, இடையில் தேங்கிய குட்டைகளில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகள் தலைகீழாக நின்றன, அந்தத் தலைகீழ் மாடிகளை மிதித்துக்கொண்டு ஒரு வெண்கொக்கு நடந்தது. முழங்கால் நனைய உட்கார்ந்துதான் அதை எடுத்தேன். அப்படி உட்கார அங்கே சரிவு இருக்கிறது, சிங்கப்பூர் ஆற்றில் அது கிடைக்காது.

இரவைப் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதி போதாது. போட் கீ விளக்குகள் தண்ணீரில் இறங்கும்போது சிங்கப்பூர் ஆற்றுக்கு ஈடில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நான் போனது நான்கைந்து மாலைகள், அதுவும் கேமராவை நிறுத்தும் முக்காலி இல்லாமல். பறவைப் படமும் எனக்குத் தெரியாத துறை, என்னிடம் இருப்பது 35 மிமீ லென்ஸ் ஒன்றே. அந்தக் கொக்கு என் படத்தில் நகம் அளவுக்குத்தான் இருக்கிறது. காலாங்கின் கீழ்ப்பகுதியில், ஆறு கடலோரப் படுகையை நெருங்கும் இடத்தில், இரண்டே முறை நடந்திருக்கிறேன், அதனால் நான் சொல்வதை ஆறு முழுவதற்கும் பொருத்திவிடாதீர்கள்.

ஊரிலிருந்து யாராவது இரண்டு நாள் பயணமாக வந்தால் நான் அழைத்துப் போவது சிங்கப்பூர் ஆற்றுக்குத்தான். போன முறை அம்மா வந்திருந்தபோது ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செட்டியார் சிலையின் அருகே அவரை நிற்க வைத்து எடுத்தேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி (தொழில் நடத்தும் கூடம்) வைத்து வட்டித்தொழில் செய்தவர்களின் நினைவாக நிற்கிற சிலை அது. அம்மா அந்தச் சிலையின் தோளில் கை வைத்து, நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்கிறார் என்றார். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் ஒரே படம் அதுதான். ஒரு நாளைக்கு அந்த ஆறு போதும், நிறையவே தரும். வாரா வாரம் போகிறவர்களுக்குத்தான் நான் காலாங்கைச் சொல்கிறேன்.

போவதென்றால் முதல் நாள் இரவு மழை பெய்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெய்திருந்தால் கட்டாயம் போங்கள். சூரியன் எழும் ஏழு மணிக்கே அங்கே இருக்க வேண்டும், எட்டரை ஆனால் வெயில் வெளுத்துவிடும். செருப்புப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்காதீர்கள், ஈரப்புல் வழுக்கும். சைரன் ஒலித்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சட்டத்துக்குள் எவ்வளவு நல்ல காட்சி இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறிவிடுங்கள், அங்கே தண்ணீர் மளமளவென்று ஏறும்.