புதிய ரோஸ் காரி: வாங்கலாம், தாராளமாக

ரோஸ் காரி என்றால் மொரிஷியஸில் அம்மி. இது போர்ட் லூயிஸில் வாங்கியது. நம் தீவின் எரிமலைக் கல். நல்ல கனம், அரைக்கும்போது நகராது. விலை அதிகம்தான், ஆனால் தகும். குழவி மட்டும் கொஞ்சம் வழவழப்பு, ஈரக் கையில் நழுவுகிறது.

முதலில் பச்சரிசியும் கல்லுப்பும் போட்டு, மாவு வெள்ளையாக வரும்வரை அரைத்துக் கொட்டிவிடுங்கள். சோப்பு வேண்டவே வேண்டாம், வாசனை கல்லில் தங்கிவிடும்.

காவடி விரதத்துக்கு ஏழு கறி செய்தபோது மசாலா முழுக்க இதில்தான். மிளகாயை வெந்நீரில் ஊறவையுங்கள். மல்லி, சீரகத்தை முதலில் நுணுக்கி, இஞ்சியைக் கடைசியில் சேர்த்தால் விழுது வெண்ணெயாக இறங்கும். மிக்ஸியில் எனக்கு இந்த மணம் வந்ததே இல்லை. அப்புறம், அம்மி கழுவிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், கறியிலேயே ஊற்றுங்கள்.