கமலாவும் லட்சுமியும் ஒரே ஆளா? ப்ரோலாக், க்ளிங்கோ, அவுல்: ஓர் ஒப்பீடு

எம்.டெக். படித்தபோது கேஆர்ஆர் பாடத்துக்கு நான் செய்த புராஜெக்ட் எங்கள் குடும்ப மரம். கேஆர்ஆர் (நாலெட்ஜ் ரெப்ரசென்டேஷன் அண்ட் ரீசனிங்) என்றால் அறிவை எந்திரத்துக்குப் புரியும்படி எழுதி, அதிலிருந்து தர்க்கப்படி புதிய முடிவுகளை எடுக்க வைக்கும் பாடம். அம்மா சொல்லச் சொல்ல உறவுகளைத் தட்டச்சு செய்துகொண்டே வந்தேன். ஓரிடத்தில் கை தவறி, முருகன் சித்தப்பாவுக்கு இரண்டு தாய்களைப் பதிந்துவிட்டேன்: கமலா, லட்சுமி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். சித்தப்பா இதைப் படித்தாலும் படிப்பார்.)

ஒரே தரவைத்தான் ப்ரோலாக், க்ளிங்கோ, அவுல் என்ற மூன்று தர்க்கக் கருவிகளுக்கும் கொடுத்தேன். முருகனின் தாய் யார் என்று ப்ரோலாக்கிடம் கேட்டால் 'கமலா' என்றது. அடுத்த விடை கேட்டு அரைப்புள்ளியைத் தட்டினால் 'லட்சுமி' என்றது. அதற்கு ஒரு சங்கடமும் இல்லை. ஒருவருக்கு ஒரு தாய்தான் என்ற விதியைச் சேர்த்து க்ளிங்கோவிடம் கொடுத்தேன். தீர்வே இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. அவுலில் அதே விதியை எழுதியபோதுதான் வேடிக்கை. பிழை என்று எதுவும் வரவில்லை. கமலாவும் லட்சுமியும் ஒரே ஆள் என்று அது அமைதியாக முடிவு கட்டிவிட்டது. ஒரு பெண்ணுக்கு ஒரு கணவர் என்றும் எழுதி வைத்திருந்தேனா, அடுத்த கணம் இருவரின் வீட்டுக்காரர்களும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

மூன்றுமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டன. எதில் புராஜெக்ட் செய்வது என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம் நான் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். வேகம், வசதி எல்லாம் அப்புறம். தன்னிடம் சொல்லாமல் விட்டதை ஒரு கருவி என்னவாக எடுத்துக்கொள்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ப்ரோலாக் 1972இல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்தது. அலன் கோல்மெரோவர் குழுவுக்குப் பிரெஞ்சு மொழியில் கணினியோடு பேச வேண்டும் என்பது ஆசை. எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கி தர்க்க விதியையே நிரலாக ஓட்டலாம் என்று காட்டிக்கொண்டிருந்தார். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த மொழி. நிரூபிக்க முடியாததைப் பொய் என்று எடுத்துக்கொள்வது இதன் வழக்கம். செல்விக்குப் பிள்ளை என்று எதுவும் பதியவில்லையா, செல்விக்குப் பிள்ளை இல்லை. அவ்வளவுதான்.

கற்க இனிமையான மொழி, சந்தேகமே இல்லை. எஸ்டபிள்யூஐ என்ற ப்ரோலாக் பதிப்பில் விதிகளைத் தமிழிலேயே எழுதலாம் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி (':-' குறிக்கு வலப்பக்கம் இருப்பது உண்மையானால் இடப்பக்கம் இருப்பதும் உண்மை என்று படியுங்கள்):

மூதாதை(_அ, _இ) :- பெற்றோர்(_அ, _இ).
மூதாதை(_அ, _இ) :- பெற்றோர்(_அ, _உ), மூதாதை(_உ, _இ).

மாறியை, அதாவது யார் பெயரும் வந்து உட்காரக்கூடிய இடத்தை, ப்ரோலாக்கில் பெரிய எழுத்தில் தொடங்கிக் காட்டுவார்கள்; தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாததால் அதற்கு முன்னால் அடிக்கோடு போட வேண்டும். சரி, அது சின்ன விலை. பெரிய விலை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டாவது விதியில் மூதாதையை முன்னுக்கும் பெற்றோரைப் பின்னுக்கும் மாற்றிப் பாருங்கள். தர்க்கப்படி பொருள் ஒன்றுதான். ஆனால் நிரல் தன் வாலைத் தானே துரத்தி, நினைவகம் தீரும்வரை சுற்றும். உடன்பிறந்தவர் விதியில் 'இருவரும் ஒரே ஆள் அல்ல' என்ற நிபந்தனையை முதலில் எழுதினால் விடையே வராது. கடைசியில் எழுதினால் வரும். தர்க்கத்துக்கு வரிசை கிடையாது என்று வகுப்பில் சொல்லிவிட்டு, ஆய்வகத்தில் வரிசைக்காக மல்லுக்கட்டுவது மாணவர்களை நிஜமாகவே குழப்புகிறது. ஒருமுறை கண்ட விடைகளைக் குறித்துவைத்துக்கொள்ளும் டேபிளிங் என்ற வசதி முதல் சிக்கலைத் தீர்க்கும். ஆனால் அது இருப்பதே பலருக்குச் செமஸ்டர் முடிந்த பிறகுதான் தெரிகிறது.

க்ளிங்கோ இந்த எரிச்சலுக்குப் பதில் மாதிரி. ப்ரோலாக்கின் 'இல்லை'க்கு உருப்படியான பொருள் என்ன என்று கெல்ஃபாண்டும் லிஃப்சிட்ஸும் 1988இல் கொடுத்த விளக்கம், ஸ்டேபிள் மாடல்: விதிகளோடு முரண்படாமல், அந்த விதிகளாலேயே நியாயப்படுத்தக்கூடிய உண்மைகளின் தொகுப்பு. அதன்மேல் வளர்ந்ததுதான், விதிகளைச் சொன்னால் அப்படிப்பட்ட தொகுப்புகளையே விடையாகத் தேடித்தரும் ஆன்சர் செட் புரோகிராமிங்; ஜெர்மனியின் பாட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது க்ளிங்கோ. இங்கே விதிகளை எந்த வரிசையில் எழுதினாலும் விடை மாறாது. 'ஆ இல்லையென்றால் அ, அ இல்லையென்றால் ஆ' என்று இரண்டு விதி எழுதினால் ப்ரோலாக் முடிவில்லாமல் சுற்றும். க்ளிங்கோ இரண்டு உலகங்களைக் காட்டும்: ஒன்றில் அ, இன்னொன்றில் ஆ.

இதன் முழு பலமும் குடும்ப மரத்தில் தெரியாது, தேர்வு அட்டவணையில் தெரியும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நேரம் தேர்ந்தெடு. ஒரே மாணவர் எழுதும் இரண்டு தாள்கள் ஒரே நேரத்தில் வரக்கூடாது. ஓர் அறைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது. இதைச் சொன்னால் போதும், எப்படித் தேடுவது என்று எழுத வேண்டியதில்லை. சுடோகு ஐந்தாறு வரிதான். 'பறவை பொதுவாகப் பறக்கும், பென்குயின் விதிவிலக்கு' என்ற, எல்லா கேஆர்ஆர் வகுப்பிலும் வரும் அந்தப் பாவப்பட்ட உதாரணமும் இதில்தான் இயல்பாக உட்காருகிறது.

இதிலும் இரண்டு தொல்லை உண்டு. மாறிகளுக்கெல்லாம் மதிப்பைப் போட்டு விரித்த பிறகுதான் இது தேடவே தொடங்கும். ஒரு விதியில் மூன்று மாறி, ஒவ்வொன்றுக்கும் 1000 மதிப்பு என்றால் 100 கோடி வரிகள். மடிக்கணினி கையை விரித்துவிடும். இன்னொன்று, தீர்வில்லை என்று சொல்லும், ஏன் இல்லை என்று சொல்லாது. முருகனின் இரண்டாவது தாயைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நிபந்தனையாக அணைத்து அணைத்துப் பார்த்து ஒரு சாயங்காலம் போயிற்று.

அவுல் முற்றிலும் வேறு ஜாதி. (வெப் ஆன்டாலஜி லாங்குவேஜ் என்பதன் முதலெழுத்துகளை வரிசையாக எடுத்தால் ஆந்தை வராது; வரவழைத்திருக்கிறார்கள்.) 2004இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது, 2009இல் இரண்டாம் பதிப்பு. அடியில் இருப்பது டிஸ்கிரிப்ஷன் லாஜிக், அதாவது வகைகளையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் விவரிக்கும் தர்க்கம். சொல்லாத எதையும் இது பொய் என்று எடுத்துக்கொள்ளாது. செல்விக்குப் பிள்ளை பதியவில்லையா, தெரியாது. இரண்டு பெயர் என்றால் இரண்டு ஆள் என்றும் நம்பாது. கமலாவும் லட்சுமியும் ஒன்றானது அதனால்தான்.

குடும்ப மரத்துக்கு இது தலைவலி. தாய், சகோதரன் என்ற இரண்டு உறவையும் சங்கிலியாகக் கோத்து மாமன் என்று சொல்லலாம், அழகாக வரும். அதே முறையில் பெற்றோர் வழியாக உடன்பிறந்தவரை வரையறுத்தால் ஒவ்வொருவரும் தனக்குத் தானே உடன்பிறந்தவர் ஆகிவிடுவார். 'தன்னைத் தவிர' என்று தடுக்கலாமென்றால், சங்கிலியில் பிறந்த உறவுக்கு அந்தத் தடை போட மொழியே அனுமதிக்காது. போட அனுமதித்தால் கணக்கீடு முடிவுக்கு வரும் என்ற உத்தரவாதம் போய்விடும்.

ஆனால் மருத்துவமனைக்குப் போங்கள். நோயாளியின் குறிப்பில் பெனிசிலின் ஒவ்வாமை பற்றி ஒன்றும் எழுதவில்லை. ப்ரோலாக் கணக்குப்படி ஒவ்வாமை இல்லை, ஊசி போடலாம். அவுல் கணக்குப்படி தெரியாது, கேட்டுவிட்டுப் போடு. எனக்கு ஊசி என்றால் நான் அவுல் பக்கம். மூன்றரை லட்சத்துக்கு மேல் கருத்துகள் கொண்ட ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொற்களஞ்சியம் டிஸ்கிரிப்ஷன் லாஜிக் குடும்பத்தின் எளிய கிளையான இஎல்-ஐ நம்பியிருக்கிறது. எல்க் என்ற கருவி அதைச் சில நொடிகளில் வகைப்படுத்திவிடும். முழு அவுலில் எழுதத் தொடங்கினால் இந்த வேகத்துக்கு உத்தரவாதம் இல்லை. சொல்வளம் கொஞ்சம் கூடினாலும் கணக்கீட்டுச் செலவு எங்கோ எகிறும் என்று பிராக்மனும் லெவெக்கும் 1984இலேயே காட்டியிருக்கிறார்கள். இன்னொரு நல்ல குணம்: அவுல் எழுத உதவும் மென்பொருளான புரோட்டேஜேயில் ஒரு முடிவின் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தினால் எந்தெந்தக் கூற்றால் அந்த முடிவு வந்தது என்று காட்டும். கமலா–லட்சுமி குட்டு உடைந்தது அங்கேதான், இரண்டு நிமிடத்தில்.

என் பரிந்துரை: தர்க்கம் முதல்முறை பழகுகிறீர்கள் என்றால் முதல் சில வாரங்கள் ப்ரோலாக். சென்னை ஐஐடியின் தீபக் கெமானி கேஆர்ஆர் பாடத்தை என்பிடெல் என்ற இணையவழிப் பாடத்தளத்தில் நடத்தியிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே எழுதிப் பழகலாம். மதிப்பெண் வாங்க வேண்டிய புராஜெக்டுக்கு க்ளிங்கோ. உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம், நிறுவும் வேலைகூட இல்லை. மருத்துவத் தரவு, நூலகம், அருங்காட்சியகம் பக்கம் வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அவுல். அதில் இறங்கினால் வேறெதையும் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்: இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள் என்று ஓர் அறிவிப்பைச் சேர்த்துவிடுங்கள். நான் சேர்த்த பிறகு கமலா கமலாவானார், லட்சுமி லட்சுமியானார், தரவில் முரண் இருக்கிறது என்று புரோட்டேஜே கத்தியது.