பக்கவாதத்துக்குப் பின் கை: எந்த அளவுகோல் எதைச் சொல்லும்?

பக்கவாதம் வந்தவரின் கை எவ்வளவு தேறியிருக்கிறது? இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தசைகள் தனித்தனியாக இயங்குகின்றனவா, ஒரு பொருளை எடுத்து வைக்க முடிகிறதா, வீட்டில் அந்தக் கையைப் பயன்படுத்துகிறாரா. மூன்றுக்கும் ஒரே சோதனை போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

1975-ல் ஸ்வீடனில் உருவான ஃபூகல்-மேயர் என்ற சோதனை முதல் கேள்விக்கானது. கைக்கு மொத்தம் 66 மதிப்பெண். கையைத் தூக்கச் சொன்னால் பலருக்கு முழங்கையும் சேர்ந்து மடங்கிக்கொள்ளும். இந்தப் பிணைப்பு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பதை இதுபோலக் காட்டும் சோதனை வேறில்லை. விரலே அசையாதவருக்கும் ஏதோ ஓர் எண் கிடைக்கும் என்பதால் தொடக்க வாரங்களுக்கு இதுதான் என் தேர்வு. ஆனால் அரை மணி நேரம் பிடிக்கும். நன்றாகத் தேறியவர்கள் உச்சத்தில் முட்டி நின்றுவிடுவார்கள். சட்டைப் பொத்தான் போடத் திணறுபவர்கூட 66-ஐ நெருங்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு ஏ.ஆர்.ஏ.டி. (ஆக்ஷன் ரிசர்ச் ஆர்ம் டெஸ்ட்). 1981-ல் லைல் என்பவர் வெளியிட்டது: 19 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 57 மதிப்பெண். மரக்கட்டைகள், கிரிக்கெட் பந்து, கோலிக்குண்டு எல்லாம் உண்டு. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் கடினமான செயல்தான் முதலில் வரும். அதில் முழு மதிப்பெண் வாங்கினால் அந்தப் பிரிவு முழுக்கத் தேர்ச்சி, அதனால் நேரம் மிச்சம். சிக்கல், சிரமப்பட்டு முடித்தால் போடும் 2-க்கும் இயல்பாகச் செய்தால் போடும் 3-க்கும் நடுவில்தான். 10 செ.மீ. கட்டையை அலமாரியில் வைக்கச் சொல்கிறோம். முதுகை முன்னால் சாய்த்து, தோளை காதுவரை உயர்த்தி ஒருவர் வைத்துவிடுகிறார். கட்டை மேலே போய்விட்டது, சரி. ஆனால் வேலை செய்தது உடம்பு. 5 விநாடிக்குள் முடித்திருந்தாலும் இதற்கு 3 போடக்கூடாது. சோதிப்பவர் கடிகாரத்தோடு முதுகையும் பார்க்க வேண்டும். விரல் அசைவு வராதவர்களுக்கு இந்தச் சோதனையில் பூஜ்யத்தை ஒட்டியே எண் வரும். அது அவர்களை வீணாகச் சோர்வடையச் செய்யும்.

ஒரு நிமிடத்தில் எத்தனை சிறு கட்டைகளைத் தடுப்புக்கு அப்பால் போடுகிறார் என்று எண்ணும் சோதனை விரைவானது. வேகம் தெரியும், எப்படிச் செய்தார் என்பது தெரியாது.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சோதனை மேசையில் நன்றாகச் செய்பவர் வீட்டில் அந்தக் கையை மடியிலேயே போட்டு வைத்திருப்பார். அன்றாட வேலைகளில் கை எவ்வளவு ஈடுபடுகிறது என்று கேட்கும் மோட்டார் ஆக்டிவிட்டி லாக், நோயாளியின் நினைவை நம்பியது. மணிக்கட்டில் கட்டும் சென்சாருக்கு அந்தக் குறை இல்லை. ஆனால் நடக்கும்போது கை வீசுவதையும் அது பயன்பாடாகவே எண்ணிவிடும். அதனால் இரண்டு கையிலும் கட்டி ஒப்பிடுவது நல்லது.

பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று 2017-ல், ஆய்வுகளுக்கு ஃபூகல்-மேயர், ஏ.ஆர்.ஏ.டி. இரண்டையும் பரிந்துரைத்தது. சிகிச்சைக்கும் அதுவே சரி என்பேன்: விரல் அசையத் தொடங்கியதும் இரண்டாவதைச் சேர்க்கலாம், வீடு திரும்பியதும் மூன்றாவது கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். எதை எடுத்தாலும் அதே நாற்காலி, அதே மேசை உயரம், முடிந்தால் அதே ஆள். ஓரிரு மதிப்பெண் ஏறியதை முன்னேற்றம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டாம். ஃபூகல்-மேயரில் 5 மதிப்பெண் அளவுக்காவது ஏறட்டும்.