தொலைவா, சாய்வா, பரப்பா? புள்ளிகள் கொடுத்தால் எதை எடுப்பது

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் தொலைவுச் சூத்திரம் (எக்ஸ் வித்தியாசம், ஒய் வித்தியாசம் இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுப்பது) வருகிறது. பத்தாம் வகுப்பில் முக்கோணத்தின் பரப்பும் கோட்டின் சாய்வும் (ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்தது) சேர்ந்துகொள்கின்றன. ஆக, பத்தாவது படிக்கிற பிள்ளையின் கையில் ஒரே கணக்குக்கு மூன்று வழிகள். பலர் முதலில் பழகிய தொலைவையே எல்லாவற்றுக்கும் எடுக்கிறார்கள். சிலர் சாய்வு வந்ததும் தொலைவை மறந்தே விடுகிறார்கள். இரண்டாலும் தேர்வில் நேரம் வீணாகிறது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வர்க்கமூலம் எடுக்காமலே வேலை முடிகிற இடத்தில் தொலைவுச் சூத்திரத்தை மிஞ்ச ஆளில்லை. மூலம் எடுத்தே தீர வேண்டும் என்றால் மற்ற இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

ஒரே நேர்க்கோட்டில் உள்ளனவா?

ஏ(1, 2), பி(4, 4), சி(10, 8) என்று மூன்று புள்ளிகள். தொலைவு வழியில் ஏபி = √13, பிசி = √52, ஏசி = √117. இப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. √52 என்பது 2√13, √117 என்பது 3√13 என்று சுருக்கிய பிறகுதான் √13 + 2√13 = 3√13 என்று பொருந்துவது கண்ணில் படும். சாய்வு வழியில் ஏபி 2/3, பிசி 4/6, அதுவும் 2/3. பி இரண்டுக்கும் பொதுப் புள்ளி. முடிந்தது.

நேரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு சொல்ல மாட்டேன். தவறான விடையே வர வாய்ப்பிருக்கிறது. (0, 0), (8, 3), (13, 5) ஆகிய புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவுகள் √73, √29, √194. கால்குலேட்டரில் இரண்டு தசம இடம் வரை எடுத்தால் 8.54, 5.39, 13.93. முதல் இரண்டைக் கூட்டினால் சரியாக 13.93. ‘ஒரு கோடமைப் புள்ளிகள்’ (ஒரே நேர்க்கோட்டில் உள்ளவை) என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் சாய்வுகள் 3/8, 2/5, அதாவது 0.375, 0.4. ஒன்றல்ல! பரப்பு வழியில் போனால் இன்னும் தெளிவு: ½ × (8 × 5 − 13 × 3) = ½. ஒரே கோட்டில் இருந்தால் முக்கோணமே இல்லை, பரப்பு பூச்சியம். இங்கே பூச்சியம் வரவில்லை, எனவே இவை ஒரே கோட்டில் இல்லை.

இந்த மூன்று புள்ளிகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 8-க்கு 8 சதுரத்தை நான்கு துண்டாக வெட்டி 5-க்கு 13 செவ்வகமாக அடுக்கும் புதிரில் 64 சதுர அலகு 65 ஆகிவிட்டதுபோல் தோன்றும். செவ்வகத்தின் மூலைவிட்டம் என்று நாம் நம்புகிற கோடு உண்மையில் நேர்க்கோடே அல்ல. அதன் நடுவே மெல்லிய இணைகரமாக ஓர் இடைவெளி கிடக்கிறது. மேலே வந்த ½ அந்த இடைவெளியில் பாதி. கண்ணும் இரண்டு தசம இடமும் ஏமாறுகிற இடத்தில் முழு எண் பெருக்கல் ஏமாறவில்லை பாருங்கள். அதனால்தான் நேர்க்கோட்டுக் கேள்வி என்றால் நான் பரப்பு வழிக்கே முதல் இடம் கொடுப்பேன். அதில் மூலமும் இல்லை, வகுத்தலும் இல்லை. சாய்வு குட்டையானதுதான். ஆனால் கோடு செங்குத்தாக நின்றால் பகுதியில் பூச்சியம் வந்து, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

செங்கோணமா?

இங்கே ஆட்டம் தலைகீழ். (1, 1), (5, 3), (3, 7) ஒரு செங்கோண முக்கோணத்தின் முனைகளா? சாய்வு வழியில் 1/2, −2; பெருக்கினால் −1, ஒன்றுக்கொன்று செங்குத்தான கோடுகளுக்கு வருவது அதுதான். எனவே செங்கோணம். தொலைவு வழியில் மூலத்தைத் தொடவே வேண்டாம், வர்க்கங்கள் போதும்: 20, 20, 40. இருபதும் இருபதும் நாற்பது. பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. அதோடு, இரண்டு பக்கம் சமம் என்பதும் கேட்காமலே கிடைத்துவிட்டது. இருசமபக்கச் செங்கோண முக்கோணம் என்று ஒரே வரியில் எழுதலாம். சாய்வு கோணத்தை மட்டும்தான் சொல்லும், நீளத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொரு வசதியும் உண்டு. தொலைவில் எந்தப் புள்ளியிலிருந்து எதைக் கழித்தாலும் வர்க்கம் ஒன்றுதான். சாய்வில் தொகுதியில் ஒரு வரிசையிலும் பகுதியில் வேறு வரிசையிலும் கழித்துவிட்டால் குறி மாறி, −1 வர வேண்டிய இடத்தில் 1 வந்து நிற்கும். செங்குத்துக் கோடு வந்தாலும் தொலைவுக்குக் கவலையில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை: வர்க்கத்தோடு நிறுத்துவது செங்கோணத்துக்கும் சம நீளத்துக்கும் மட்டும்தான் பொருந்தும். நேர்க்கோட்டுச் சோதனையில் வர்க்கங்களைக் கூட்டக் கூடாது. முதல் கணக்கில் 13-ஐயும் 52-ஐயும் கூட்டினால் 65. ஏசியின் வர்க்கமோ 117.

நாற்கரங்கள்

இணைகரம் என்று நிறுவ நான்கு பக்கத்தின் நீளத்தையும் கணக்கிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. மூலைவிட்டங்களின் நடுப்புள்ளி ஒன்றுதானா என்று பார்த்தால் போதும், கூட்டி இரண்டால் வகுக்கிற வேலைதான். உழைப்பு மிச்சம் என்பதைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது. (0, 0), (5, 2), (6, 0), (1, 2) என்ற இதே வரிசையில் இணைத்துப் பாருங்கள். பக்கங்களின் வர்க்கங்கள் 29, 5, 29, 5. எதிர்ப்பக்கங்கள் சமம். ஆனால் தாளில் வரைந்தால் இரண்டு பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். இது இணைகரமே இல்லை. நடுப்புள்ளிகளோ (3, 0), (3, 2) என்று உடனே காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இணைகரம் என்று உறுதியான பிறகு தொலைவை அழைக்கலாம். (1, 2), (5, 4), (7, 8), (3, 6) என்ற நாற்கரத்தில் இரு மூலைவிட்டங்களுக்கும் நடுப்புள்ளி (4, 5). அடுத்தடுத்த இரு பக்கங்களின் வர்க்கங்கள் 20, 20, எனவே சாய்சதுரம். சதுரமா? மூலைவிட்டங்களின் வர்க்கங்கள் 72, 8. இல்லை. நான்கு பக்கமும் சமம் என்றதும் சதுரம் என்று எழுதி மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான்.

சுற்றுவட்ட மையம்

இதில் தொலைவுக்குப் போட்டியே இல்லை. (7, 1), (5, 5), (−1, 5) வழியே போகும் வட்டத்தின் மையம் வேண்டும். சாய்வு வழியில் இரண்டு நடுப்புள்ளி, இரண்டு செங்குத்துச் சாய்வு, இரண்டு சமன்பாடு. தொலைவு வழியில் மையத்திலிருந்து தொலைவின் வர்க்கங்களைச் சமப்படுத்தினால் எக்ஸின் வர்க்கமும் ஒய்யின் வர்க்கமும் இரு பக்கமும் அடிபட்டுப் போகும். முதல் இரண்டு புள்ளிகளிலிருந்து எக்ஸ் = 2 × ஒய்; அடுத்த இரண்டிலிருந்து எக்ஸ் = 2. மையம் (2, 1), ஆரம் 5.

வினாத்தாளில் ‘தொலைவுச் சூத்திரத்தைப் பயன்படுத்தி’ என்று இருந்தால் நேர்க்கோட்டுக் கணக்கையும் அதிலேயே செய்ய வேண்டியதுதான். அப்போது தசமத்துக்குப் போகாமல் √52-ஐ 2√13 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தொலைவுகளில் பெரியது எதுவோ அதற்குத்தான் மற்ற இரண்டின் கூடுதல் சமமாக வேண்டும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.